காற்றுக்குக் கட்டிய குடில்

காற்று நின்ற காலையில் என் கணவர் லெயோவிகில்தோ குடிலுக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு காபி கேட்டார். முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. அவர் பின்னாலேயே பன்றியும் வந்தது. அதுவும் சிரிப்பது போலத்தான் எனக்குப் பட்டது.

"பாத்தியா கிழவி? ஒரு ஓலை அசைஞ்சிருக்கா?"

அசையவில்லை. எங்கள் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில்தான் பாதியைக் காணோம்.

"கம்பி போட்டுக் கட்டினோமே, அது எங்கே போச்சு?" என்றார்.

"ஹவானாவுக்குப் போயிருக்கும். நீ வாயை மூடிட்டுக் குடி."

எதிர்வீட்டு ஒனேலியாவின் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரையே இல்ல. கடல் தாண்டி டாம்பாவுல இருந்து அவ மகன் டாலரா அனுப்பறான், சர்க்கரைக்கு மட்டும் அவளுக்குக் கை வராது."

என்னிடம் அவர் சொன்ன கடைசிக் குறை அதுதான். சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அதற்கு முந்தைய நாட்களை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. எங்கள் பினார் மாகாணத்தில் புயலுக்கு வீட்டைத் தயார் செய்வது யாரும் சொல்லித்தர வேண்டிய வேலை அல்ல. அவகாடோ மரத்தின் கிளைகளைக் கழித்தோம். கடையில் ஆணி இல்லை என்பதால் பழைய பலகைகளிலிருந்து பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினோம். கூரை மேல் மணல் மூட்டை ஏற்றினோம். குளிர்சாதனப் பெட்டியைப் போர்வையால் சுற்றி, மாட்டுவண்டியில் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனோம். எங்கள் தெருவில் கான்கிரீட் தளம் போட்ட ஒரே வீடு ஒனேலியாவுடையது. புயல் வந்தால் எல்லாருடைய பெட்டிகளும் அங்கேதான் போகும். அவளுடைய கூடம் சாமான் கடைபோல ஆகிவிடும். எல்லாரும் அங்கேதான் படுப்போம்.

லெயோவிகில்தோ மட்டும் வரமாட்டேன் என்றார். காரணம் பன்றி. ஆண்டுக் கடைசி விருந்துக்காக வளர்த்தது. மகாராணி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

"ஃபிரிட்ஜ் கொண்டு வா, டிவி கொண்டு வா, உன் புருஷனையும் இழுத்துட்டு வா. பன்னி மட்டும் வேணாம் செனைதா, தரை புதுசா டைல்ஸ் போட்டிருக்கேன்" என்று என்னிடம் சொன்னாள் ஒனேலியா.

சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே இவர் கத்தினார். "பன்னி நடந்தா தரைக்கு வலிக்குமா ஒனேலியா?"

"நடந்தா வலிக்காது லெயோ. மத்ததெல்லாம் பண்ணுமே, அப்பத்தான் வலிக்கும்."

"உன் வீட்டுல படுக்கப்போற கூட்டம் மட்டும் வேற என்ன பண்ணப்போகுதாம்?"

சிரித்துச் சிரித்தே சண்டையை வளர்த்தார்கள். நான் நடுவில் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு நின்றேன்.

பிறகு, புயல் எச்சரிக்கை சொல்லும் ஊர்த் தற்காப்புக் குழுவின் ஒஸ்மானி ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தான்.

"மாமா, கான்கிரீட் வீட்டுக்குப் போயிருங்க. மேலிடத்து உத்தரவு."

"பன்னிக்கு என்ன உத்தரவு?"

"கூட்டுறவுப் பண்ணைக் கொட்டகையில விடலாம்."

"அங்கே விட்டா புயலுக்கு அப்புறம் வால்தான் மிஞ்சும். போன தடவை யார் வீட்டுல பன்னி பொரிக்கிற வாசனை வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

ஒஸ்மானி தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்தான். அவனுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தில், மாமனார் கட்டிய தரைக்குடில் ஒன்று இருந்தது. அதற்குச் சுவர் கிடையாது. கூரையை மட்டும் எடுத்துத் தரையில் கவிழ்த்துவைத்தது போல, பனையோலை வேய்ந்து, கழிகளை ஆழமாக மண்ணில் புதைத்திருக்கும். காற்று தலைக்கு மேலேயே போய்விட வேண்டும் என்று தாழ்வான இடமாகப் பார்த்துத்தான் கட்டுவார்கள். வாசலும் தவழ்ந்து நுழையும் அளவுதான்; அதற்கு ஒரு தட்டிக் கதவு.

"எங்கப்பா இதுக்குள்ள எத்தனை புயலைப் பாத்திருக்கார்! நான் மகாராணியோட இங்கே இருக்கேன்."

"ஒரு பன்னிக்காகச் சாகப்போறியா கிழவா?"

"சாகறதா? உன் கான்கிரீட்டு விழுந்தாலும் இது விழாது. நீ புகையிலைக் கொட்டகையில வேலை செய்யற பொம்பளைங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டற மாதிரி எனக்கும் படிக்காத."

கெஞ்சினேன். திட்டினேன். கதவுக் கட்டையைப் பிடித்து இழுத்தேன். எதற்கும் அசையவில்லை. போடா என்று சொல்லிவிட்டு, அவருக்கு ரொட்டியும் வறுத்த வாழைக்காயும் கட்டிக் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இரவு முழுக்க அந்தக் கூடத்தில், அடுத்தவர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, இரும்பைக் கிழிப்பது போன்ற காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரைத் திட்டினேன்.

விடிந்தபோது அவர் சொன்னதே சரியாகிவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. காற்றோடு போட்ட பந்தயத்தில் அவர் முழுசாக ஜெயித்தார்.

காபியைக் குடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "நான் கொஞ்சம் கண்ணசரறேன்."

"ஒனேலியா வீட்டுக்கு வந்து படு."

"அங்கே டைல்ஸ் மேல எனக்குத் தூக்கம் வராது. நம்ம வீட்டுலயோ கூரை இல்ல." பன்றியின் மூக்கைக் காலால் தள்ளினார். "நீ வெளிய இரு. ராத்திரி பூரா குறட்டை விட்டே என்னைக் கொன்னுட்ட."

உள்ளே போய், வெயில் படாமல் இருக்கக் கதவை இழுத்துக் கயிறு போட்டார்.

பிற்பகலில் நல்ல வெயில். தெருவே மெத்தை காயவைத்துக்கொண்டிருந்தது. கூரைத் தகடு யாருடையது என்று சிரித்துக்கொண்டே தேடினார்கள். அப்போது குடிலுக்குப் பின்னாலிருந்து பெரிய லாரிகள் சேர்ந்து வருவது போல ஒரு சத்தம். மலையில் இரவெல்லாம் பெய்த மழை, குடிலுக்குப் பின்னால் இருந்த ஓடையில் இறங்கிவிட்டது. எந்த ஒலிபெருக்கியும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கட்டியது, வெட்டியது, ஏற்றியது எல்லாம் காற்றுக்குத்தான்.

நான் ஓடிப் போனபோது பள்ளமே தெரியவில்லை. செம்மண் நிறத் தண்ணீருக்கு மேலே குடிலின் உச்சி மட்டும் தெரிந்தது. ஒஸ்மானி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் அவனைத் தூக்கித் திருப்பி எறிந்தது. மறுபடி இறங்கினான். நாங்கள்தான் இழுத்துப் பிடித்தோம்.

பன்றி நீந்திக் கரையேறி, சாலையைத் தாண்டி, நேராக ஒனேலியாவின் டைல்ஸ் மேல் போய் நின்றது. அவள் அதை விரட்டவில்லை. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அதை உதைக்க வேண்டும் போலிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஓலையை வெட்டித்தான் அவரை எடுக்க வேண்டியிருந்தது. கழிகள் அவ்வளவு உறுதி. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்: "எப்படிக் கட்டியிருக்கார் பாரு உன் மாமனார்." அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாமென்றால் என் வீட்டுக் கதவையும் காற்று கொண்டுபோயிருந்தது.

அடுத்த மே மாதம் புயல் ஒத்திகைக்கு ஒஸ்மானி வந்தான். அவகாடோ மரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"கிளையைக் கழிக்கணும் அத்தை. கூரைக்குக் கம்பி கட்டணும்."

"தண்ணிக்கு என்னடா கட்டறது?"

"மேல சொல்லியிருக்கேன்."

"மேலன்னா எங்கே? கூரை மேலயா?"

அவன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே ஏணியை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் சாத்தினான். நான் பின்பக்கம் போனேன். ஓடையில் வழக்கம்போலக் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கோழிகள் கல்லுக்குக் கல் தாவி, கால் நனையாமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.