பசித்த ஆள்

ஜலகண்டாபுரத்து நெசவாளர் தெருவுக்குள் சடையன் நுழைந்தபோது, தோளில் கிடந்த குழந்தை அழுகையை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. விடியற்காலையில் மேட்டூரிலிருந்து கிளம்பும்போது அதன் கத்தல் காதைத் துளைத்தது. எப்போது ஓயுமோ என்றுகூட நினைத்தான். இப்போது ஒரே ஒருமுறை கத்தினால் போதும் என்றிருந்தது.

அணை வேலையில் கல் சுமப்பவன் அவன். மனைவி உண்ணாமலை, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தான், கக்கிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தான், உதடு அசையவில்லை. தாரமங்கலத்தில் தங்கை பெருமாயி கைக்குழந்தைக்காரி. அவளிடம் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் நடக்க வேண்டும்.

திறந்திருந்த ஒரு வாசலில் நின்றான்.

"தாயி, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

பால் என்று கேட்க வாய் வரவில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது?

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் சொம்போடு வந்தாள். இருபது வயதிருக்கும். அவள் கண் அவன் தோளில் கிடந்த துணிச்சுருளை விட்டு நகரவில்லை.

"பொறந்து எத்தன நாளுங்ணா ஆச்சு?"

"அஞ்சு நாளுங்க."

"இதோட அம்மா?"

அவன் தரையைப் பார்த்தான்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "இங்க குடுங்க."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஆத்தாயி, ஆரது? என்ன ஆளுங்கன்னு கேட்டியா?"

"பசிச்ச ஆளுங்க அத்தே," என்றபடியே அவள் குழந்தையோடு கதவுக்குப் பின்னால் போனாள்.

சடையன் தெருவிலேயே சுவரோரம் குந்தினான். உள்ளே தறியின் சத்தம் நின்றுபோனது. எல்லாம் முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் தயங்குகிறார்கள் என்று நினைத்தான். அப்போது ஒரு சின்ன இருமல் கேட்டது. பிறகு ஒரு சிணுங்கல். பிறகு அவள் குரல்.

"மெதுவா, சாமி, மெதுவா. ஆரும் புடுங்கிக்க மாட்டாங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். உண்ணாமலையை மண்ணில் வைத்தபோது வராத அழுகை அந்த அந்நியத் தெருவில் வந்தது.

காலடி கேட்டு நிமிர்ந்தான். மாமியார்க்காரி நின்றிருந்தாள். பதறி எழுந்தான். அவள் கையில் கம்மங்கூழ்ச் சட்டி இருந்தது.

"உக்காரப்பா. நீயும் ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. வெயில் தாழட்டும், இன்னொருக்கா பசியாத்தி அனுப்பறோம்."

வெயில் தாழ்ந்தபின் கிளம்பினான். என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டான். "பாத்துப் போங்ணா," என்று சொல்லிவிட்டு ஆத்தாயி, அழத் தொடங்கியிருந்த தன் பிள்ளையைத் தூக்க உள்ளே ஓடினாள்.

ஊரைத் தாண்டியதும் முன்கையில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. நின்று பார்த்தான். குழந்தை மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. முழங்கை வரை ஓடி, புழுதியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சடையன் கையை அசைக்காமல், அது பெய்து முடிக்கும்வரை நடுப்பாதையில் சிரித்தபடி நின்றான்.