ஆனந்தபாய் ஐஸில் நிற்கிறாள்

1

இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். சத்தியம் பண்ணவே கூடாது என்று அதே புத்தகத்தில் போட்டிருப்பதால் இடது கையைத்தான் வைத்திருக்கிறேன். வலது கை எழுதிக்கொண்டிருக்கிறது.

கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நெய்யாற்றின்கரைப் பூங்காவில் ஐஸ் தளம் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். திறந்த வெளியில், வெயிலுக்குக் கீழே, இயந்திரம் வைத்துத் தண்ணீரை உறைய வைப்பார்களாம். அடியில் கத்தி வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு சனங்கள் வழுக்கி விளையாடுவார்களாம். என் மனைவி ஆனந்தபாய் அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "கானடாவுல நம்ம ஜிஜா மட்டும் வருசா வருசம் ஐஸில நிண்ணு போட்டோ அனுப்புவா. பெத்தவ நான் ஒண்ணு அனுப்பாண்டாமா? கேட்டியளா?"

கேட்டேன். அதனால்தான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: 'அன்று வெயில் கொளுத்தியது…' (வெட்டினேன். இந்தப் பக்கத்தில் வெயில் கொளுத்தாமல் ஒருவனும் கதை தொடங்கியதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'எழுபத்தொரு வயதில் ஒரு பெண்…' (இதையும் வெட்டினேன். அவள் படித்தால் அறுபத்தெட்டு என்பாள்.)

2

தொடக்கம் இல்லாமலே உதியன்குளங்கரையில் பஸ் ஏறினோம். ஆனந்தபாயைப் பின்னாலிருந்து நான் தாங்கினேன், முன்னாலிருந்து கண்டக்டர் இழுத்தார். ஓணத்துக்கு முன்பு முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறது. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: இன்னொரு தடவை விழுந்தால் பிறகு நடை கிடையாது, கட்டில்தான். வாசகர் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலிக்கு வெளியே முப்பத்து நான்கு டிகிரி. வேலிக்கு உள்ளே வாயைத் திறந்தால் புகை. ஆனந்தபாயின் மூச்சைப் பார்த்துவிட்டுக் காவல்காரர் வந்து, பொது இடத்தில் பீடி குடிக்கக் கூடாது என்றார். ஊதிக் காட்டச் சொல்லி மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார். ஒரு காக்கை ஐஸில் இறங்கிக் கால் ஒட்டிக்கொண்டது. அது பறக்க முயன்றபோது தளத்தின் வடக்கு மூலை அரை அங்குலம் தூக்கியது. (ஒரு அங்குலம் என்று எழுதியிருந்தேன். பொய்க்கு இடம் கொடுக்கக் கூடாதென்று பாதியாக்கினேன்.)

3

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. குளிரூட்டும் இயந்திரம் நின்றது. தளத்தின் பொறுப்பாளர் பிரசீதா விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினாள். நான் போனில் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது எல்லாரும் இறங்கிய ஐஸில் ஒருத்தி மட்டும் ஏறியிருந்தாள். கைத்தடியோடு, ரப்பர் செருப்போடு, விளிம்பிலிருந்து பதினோரு அடி உள்ளே.

"எட்டி, எங்க போற?"

"ஆளு ஒழிஞ்ச நேரமாக்கும் போட்டோ நல்லா விழும். எடுங்க."

எடுத்தேன். படத்தில் என் கட்டைவிரல்தான் விழுந்தது. இன்னொன்று எடுத்தேன்.

"இனி வாறேன்," என்றாள்.

வரவில்லை. தடியின் ரப்பர் முனை ஐஸோடு ஒட்டிப் பிடித்திருந்தது. இழுத்தால் உடம்பு ஆடியது. ஆடினால் செருப்பு நழுவியது. அவள் இழுப்பதை நிறுத்தினாள். அந்த முழு மைதானத்திலும் அசையாமல் இருந்தது அந்தத் தடி ஒன்றுதான், அதைப் பிடித்துத்தான் அவள் நின்றாள்.

"அம்மச்சீ, அனங்கல்லே," அசைய வேண்டாம் என்று பிரசீதா மலையாளத்தில் கெஞ்சினாள்.

"நான் அனங்கேல்ல மக்கா. ஐஸாக்கும் அனங்குது."

பிரசீதா ரப்பர் பாய் எடுத்துவர ஓடினாள். கிடங்கு பூங்காவின் மறுகோடியில்.

4

வெயிலில் ஐஸின் மேல் தண்ணீர் ஏடு கட்டியது. ஆனந்தபாயின் செருப்பைச் சுற்றி வானம் தெரிந்தது.

இந்த இடத்தில் ரெத்தினதாஸ் வருகிறார். பொழியூரில் ஐஸ் ஆலையில் முப்பது வருடம் மீனுக்கு ஐஸ் உடைத்தவர். பெட்டியில் ஐஸ் இளகினால் ஒரு கை உப்புப் போடு, குளிர் இரட்டிக்கும், மீன் கல்லாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் பால பாடம். ரெத்தினதாஸ் எதிர்க்கடைக்கு ஓடி இரண்டு பாக்கெட் கல்லுப்போடு வந்தார்.

"எலே, நிச்சயந்தானா?" என்றேன்.

"மீனு கெட்டுப்போன சரித்திரமே இல்ல," என்று சொல்லி, அவள் காலடியைப் பார்த்து வீசினார்.

பெட்டிக்குள் நடப்பது வேறு. நொறுக்கிய ஐஸ் உப்பில் இளகும், இளகும்போது மீனின் சூட்டை உறிஞ்சும். இளகும் என்பதை அங்கே யாரும் கவனிப்பதில்லை, மூடியைப் போட்டுவிடுவோம். இங்கே மூடி இல்லை. உப்பு விழுந்த இடமெல்லாம் குழி விழுந்தது. தடியின் முனை விடுபட்டது. ஒரு விரற்கடை நகர்ந்தது.

"யாரு உப்பு போட்டது?" ஆனந்தபாய் திரும்பாமல் கேட்டாள்.

(இந்த ரெத்தினதாஸ் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். எந்த பஸ்ஸில் வந்தார் என்று நான் எழுதவே இல்லை. சொல்லிவிடுகிறேன்: பொழியூரில் முப்பது வருடம் ஐஸ் உடைத்தது நான். பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது, அவரை உண்டாக்கினேன். இப்போது அவரை அனுப்பிவிட்டேன். உப்புப் பாக்கெட் என் கையில் இருக்கிறது.)

"யாருன்னு கேட்டேன்."

"நானாக்கும்."

"நெனச்சேன். காலம் முழுக்க மீனத்தானே பாத்தது. பெண்டாட்டியப் பாத்ததுண்டா?"

தடி இன்னொரு விரற்கடை நகர்ந்தது.

5

முடிவு ஒன்று: பிரசீதா பாயை விரிக்கிறாள். ஆனந்தபாய் கல்யாணப்பெண் மாதிரி நடந்து வருகிறாள். (நன்றாகத்தான் இருக்கிறது. இதை நம்புகிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபப்பட மாட்டேன்.)

முடிவு இரண்டு: நான் குப்புற விழுந்து வழுக்கிப் போய் அவள் காலடியில் பாலமாகக் கிடக்கிறேன். என் முதுகில் மிதித்துக் கரையேறுகிறாள். (இதற்குச் சாட்சி உண்டு. எனக்கு இப்போதும் முதுகு வலி.)

முடிவு மூன்று: தடி நழுவுகிறது. ஆனந்தபாய்

இந்த வாக்கியத்தை ஏழு தடவை தொடங்கினேன். ஒரு சொல் எழுதினால் முடிந்துவிடும். எழுத மாட்டேன். எழுதாதவரைக்கும் அவள் அங்கேதான் நின்றாக வேண்டும். அவளுக்கு வேறு வழி இல்லை, எனக்கும் இல்லை. பாயின் நுனி தளத்தைத் தொட்டுவிட்டது. ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை இழுத்துவிட்டு, "போட்டோவுல எனக்குக் கண்ணு தொறந்து இருக்கா?" என்று கேட்கிறாள்.

அடுத்த வரி உங்களுடையது. மெதுவாக எழுதுங்கள்.

ஆனந்தபாய் இரண்டாம் தடவை விழுந்தது எங்கள் வீட்டுக் குளியலறையில், டிசம்பர் எட்டாம் தேதி. பூங்காவில் ஐஸ் தளம் திறந்தது இருபதாம் தேதி.