யாராவது கேளுங்கடா

எங்கள் கல்லூரி அணி நடக்கிற அணி. அதாவது, பந்து மட்டையில் உரசிப் பிடிபட்டால், அம்பயர் விரலைத் தூக்கும்வரை நிற்காமல் நாங்களே கிளம்பிவிடுவோம். எங்கள் கேப்டன் போட்ட சட்டம் இது. ஆண்டு மலரில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறான். அதில் 'மனசாட்சி' என்ற சொல் பதினோரு முறை வருகிறது. அணியில் ஆளுக்கொன்று.

அன்றைக்கு அந்தச் சட்டத்தின் பலனை முதலில் அனுபவித்தவன் ஒட்டடை. உயரமும் ஒல்லியுமாக இருப்பான், அதனால் அந்தப் பெயர். கேப்டனும் அவனும்தான் எங்களுக்கு முதலில் இறங்குகிறவர்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்த செலக்டர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேவை ஓப்பனர், அதுவும் ஒரே ஒருவன். ஒட்டடைக்கு இது கடைசி வருடம். இந்த முறையும் எடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் டயர் கடைக்குப் போய்விட வேண்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். மாமா அவனுக்காக ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டாராம்.

நான் அம்பயர். எங்கள் லீகில் மட்டை பிடிக்கிற அணியே அம்பயரையும் தர வேண்டும். நான் பதினோராவதாக இறங்குகிறவன், அதனால் ஆடியதைவிட வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றதுதான் அதிகம். சொந்த அணிக்காரனுக்கு அவுட் கொடுத்த அம்பயர் எங்கள் லீகில் இதுவரை பிறக்கவில்லை.

ஒட்டடை நாலு ரன்னில் இருந்தபோது பந்து அவன் மட்டையை நூலளவு உரசிக்கொண்டு கீப்பரிடம் போனது. கீப்பருக்குக் கேட்கவில்லை. பந்து போட்டவனுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. ஒட்டடை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

"எங்கடா போற?" என்றேன்.

"பட்டுச்சுடா."

எதிர்முனையில் நின்ற கேப்டன் கை தட்டினான். "அதான் மச்சான் நம்ம டீமு!"

எதிரணியில் அன்று பத்துப் பேர்தான். ஒருவனுக்கு லேப் தேர்வு. ஆள் குறைந்தால், அவுட்டாகிப் போனவனைக் கடன் கொடுப்பது எங்கள் லீக் வழக்கம். கேப்டனே பெருந்தன்மையாகச் சொன்னான்: "ஒட்டடை, நீ போய் அவங்களுக்கு ஃபீல்டிங் நில்லுடா." ஒட்டடை பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மட்டை பிடிக்கிறவனுக்குப் பக்கவாட்டில், பாயிண்ட்டில் போய் நின்றான்.

கேப்டன் பத்தொன்பது ரன்னில் இருக்கும்போது அது நடந்தது. அது உரசல் இல்லை, தச்சுவேலை. கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கே கேட்டிருக்கும். கீப்பர் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். பிடித்ததும் பந்தை மேலே தூக்கி எறிந்தான், பந்து போட்டவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான், ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டார்கள். யாருமே என் பக்கம் திரும்பவில்லை. எதற்குத் திரும்ப வேண்டும்? நடக்கிற அணியாயிற்றே. கேப்டன் போய்விடுவான்.

கேப்டன் போகவில்லை. குனிந்து, முழங்காலுக்குக் கீழே பேடைத் தடவினான். அங்கே ஏதோ பலமாகப் பட்டுவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்தான்.

கிரிக்கெட்டில் அழுத பிள்ளைக்குத்தான் பால். ஃபீல்டிங் நிற்கிறவர்களில் யாராவது அவுட்டா என்று கேட்க வேண்டும். கேட்காமல் அம்பயர் கொடுக்கக் கூடாது. அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கும்வரை கேட்கலாம். என் விரல் சட்டைப் பைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

கீப்பர் கேப்டனைப் பார்த்தான். "ண்ணா, படலையா?"

"பேடுடா தம்பி. பட்டிருந்தா நான் நிப்பேனா?"

"ஆமால்ல. இவங்கதான் நடப்பாங்களே."

பந்து போட்டவன் நெஞ்சில் கையை வைத்தான். "சாரிண்ணா, அவசரப்பட்டுக் குதிச்சிட்டோம்."

அவுட் கேட்க வேண்டியவன் மன்னிப்புக் கேட்கிறான். கேப்டனும் "பரவால்ல, பரவால்ல" என்று மன்னிக்கிறான். எனக்குக் காது மடல் வரை எரிந்தது. ஒட்டடை மாதிரிப் பையன்கள் வருடக்கணக்காக நடந்து நடந்து சேர்த்த பெயர். அதை இவன் ஒரே பந்தில் எடுத்துச் செலவழித்துவிட்டான்.

நான் பந்தை வாங்கிப் பார்த்தேன். தையலை எண்ணுகிறவன் போல உருட்டினேன். ஸ்டம்பின் மேலிருந்த கட்டைகளை எடுத்துத் திருப்பி வைத்தேன். ஒரு ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். இன்னொன்று ஒழுங்காக இருந்தது, அதையும் அவிழ்த்துக் கட்டினேன்.

"ஏம்பா," என்றேன் பந்து போடுகிறவனிடம், "என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

யோசித்தான். "தண்ணி வரச் சொல்லலாமாண்ணா?"

"வேற?"

"வேற ஒண்ணுமில்லண்ணா."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"கொஞ்சம் ஐஸ் போட்டு?"

கேப்டன் மட்டையால் தரையைத் தட்டினான். "டேய் அம்பயர்! என்ன, உன் கல்யாணத்துக்கு நாள் பாக்குறியா? போடச் சொல்லுடா."

நான் பாயிண்ட்டைப் பார்த்தேன். ஒட்டடை அசையாமல் நின்றான். அவன் கை இரண்டும் முகத்துக்கு நேரே பாதி கூடியபடி இருந்தன. கேப்டன் நடக்கும்போது தட்டுவதற்காகத் தூக்கியவை. பந்து போடுகிறவன் திரும்பித் தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான். அவன் போய்ச் சேர்ந்து ஓடத் தொடங்கினால் எல்லாம் முடிந்தது.

அப்போது கேப்டன் ஒட்டடையைப் பார்த்துக் கண்ணடித்தான். நீ நம்ம ஆளுதானேடா என்கிற மாதிரி.

"ஹவ்சாட்!"

அந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. அவன் முதல் எழுத்தைச் சொல்லும்போதே என் விரல் வானத்தில் இருந்தது.

கேப்டன் என்னை நோக்கி வந்தான். "அவன் யாருடா கேக்க? அவன் நம்ம ஆளு!"

"இப்போ அவங்க ஃபீல்டர். ஃபீல்டர் கேட்டா நான் சொல்லணும்."

"பேடுடா!"

"எட்ஜுடா. அடுத்த தெருவுக்கே கேட்டுச்சு. நட."

நடந்தான். ஸ்டம்பை ஒரு உதை உதைத்துவிட்டு நடந்தான்.

ஆட்டத்தில் தோற்றோம். உடை மாற்றுகிற அறையில் நியாயம் விசாரிக்கப்பட்டது. குற்றவாளி ஒட்டடை. "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா" என்றான் ஒருவன். "சொந்தக் கேப்டனையே அவுட் கேக்குறான், நாளைக்குச் சொந்த அப்பனைக் கேப்பான்" என்றான் இன்னொருவன். இத்தனை பேரில் ஒருவன்கூடக் கேட்காததை நான் கேட்டேன்.

"பட்டுச்சா, படலையா?"

"அது இப்போ பிரச்சனையே இல்ல," என்றான் கேப்டன்.

"பட்டுச்சா, படலையாடா?"

"பட்டா என்ன? செலக்டர் உக்காந்திருக்காரு. இவன் நாலுல நடந்தா நானும் நடக்கணுமா?"

"நீதானேடா சட்டம் போட்ட?"

"சட்டம் டீமுக்குடா."

ஒட்டடை முதல் முறையாக வாயைத் திறந்தான். "நான் போறப்போ கை தட்டினியே. ஒரு இடம் காலியாச்சுன்னுதானே?"

கேப்டன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். மிகக் கவனமாகக் கழற்றினான்.

செலக்டர் வாசலில் நின்றபடியே அறிவித்துவிட்டார். கேப்டன்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், ஒட்டடைக்குப் பட்டது யாருக்குமே கேக்கல சார். அவனா நடந்தான்."

"யாருக்குமே கேக்கலேன்னா ஏன்பா நடந்தான்?" அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். "நாலைவிடப் பத்தொன்பது பெருசு. அப்புறம், சொந்த ஆளையே அவுட் கேக்குறவனை நான் எந்த டீம்ல வெச்சுக் காப்பாத்துறது?"

எதிரணிப் பந்துவீச்சாளன் வந்து ஒட்டடையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லவேளை கேட்டீங்கண்ணா. இல்லேன்னா ஏமாந்திருப்போம்."

"உங்களுக்கு ஆள் குறையுதுல்ல? இவனைச் சேத்துக்கோங்களேன், கிளப் மேட்ச்சுக்காவது," என்றேன்.

அவன் கையை விட்டுவிட்டான். "அய்யோ, வேணாம்ணா. எங்களையும் கேட்டுடுவாரு."

நானும் ஒட்டடையும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வாசல் கேட் பக்கம் போனோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நியாயத்துக்காகக் கேட்ட பாரு, அது போதும்டா" என்றேன்.

"நியாயமாவது மண்ணாங்கட்டியாவது. கண்ணடிச்சான்ல, அதுக்குக் கேட்டேன். கண்ணடிக்காம நின்னிருந்தா நானும் வாயை மூடிட்டு நின்னிருப்பேன்."

"சரி விடு. இனிமே நாலுல பட்டா நீயும் நில்லு. எவன் கேக்குறான்னு பாப்போம்."

ஒட்டடை நின்றான். மனதுக்குள் பந்தைப் போடச் சொல்லி, பட வைத்து, நின்று பார்க்கிறான் என்று தெரிந்தது. முகம் சிவந்துகொண்டே போனது.

"நடந்துடுவேன்டா," என்றான். "திரும்பவும் நடந்துடுவேன். அதாண்டா எரியுது!"

சொல்லிக்கொண்டே இரும்புக் கேட்டை ஓங்கி உதைத்தான். அது தாழிடாமல் இருந்தது. கால் காற்றில் போய், கிட் பையோடு சாலையில் விழப்பார்த்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.