'டோ'வை இழுக்கணும்

டிரெய்னர் ஆளுக்கொரு ரப்பர் பேண்டு கொடுத்தார். காகிதக் கட்டுகளுக்குப் போடும் சாதாரணச் சிவப்பு ரப்பர் பேண்டு.

"ரெண்டு கட்டைவிரல்லயும் மாட்டிக்குங்க. வார்த்தையச் சொல்லுங்க. அழுத்த வேண்டிய எடத்துல இழுங்க. மத்த எடத்துல தளர விட்டுடுங்க. அவ்வளவுதான் இங்கிலீஷு."

பலகையில் ஒரு சொல்லை மூன்று துண்டாக எழுதினார். கண். டோ. லன்ஸ். துக்கம் விசாரிக்கும் சொல்.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரும் 'கண்'ணில் இழுத்தார்கள்.

"ஏன் எல்லாரும் மொதல் எடத்துலயே போய் விழறீங்க?"

"பஸ்ஸுல ஏறினா மொதல் சீட்டத்தான மேடம் பிடிப்போம்" என்றான் மாமா. அவனுக்கு இருபத்தாறு வயது. ஆபீசில் எல்லோருக்கும் அவன் மாமா. ஏன் என்று யாருக்கும் நினைவில்லை.

சிரித்தார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் மட்டும் மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கண்ணில்தான் வந்தது.

"நீங்க" என்றார் டிரெய்னர் அவளைப் பார்த்து. "முழு வாக்கியமும் சொல்லுங்க."

அவள் சொன்னாள். உங்கள் இழப்பைக் கேட்டு வருந்துகிறேன், என் அனுதாபங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது பதினாலு சொல். பதினாலையும் ஒரே கனத்தில் சொன்னாள்.

"அட்ரஸ் மாத்திக் குடுக்கற மாதிரி சொல்றீங்க. ஒருத்தர் செத்துப் போயிருக்கார்மா."

"சரி மேடம்."

மாமா நாற்காலியில் நெளிந்தான். வாயைத் திறந்தான். அவள் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

இடைவேளையில் காப்பி மெஷின் அருகே அவன் கேட்டான்.

"நான் சொல்லிடட்டுமாக்கா? அவங்க வெளியேர்ந்து வந்தவங்க. தெரியாமப் பேசறாங்க."

"வேணாம். சொன்னா பாவம் பாத்து மார்க்கு போடுவாங்க."

"போடட்டுமே. மார்க்குதான வேணும்."

"நீயும் அந்த சீட்டுக்குத்தான வந்திருக்க?"

"நான் ஏசிக்கு வந்தேன்" என்றான் மாமா.

அவளுடைய கணவன் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக். பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குளியலறையில் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினோரு நாள் விடுப்பு எடுத்தாள். பன்னிரண்டாம் நாள் தன் இடத்தில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

அது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவு. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம் எல்லாம் அவளுக்கு வரும். பகல் ஒரு மணியிலிருந்து இரவு பத்து வரை. இறப்பைத் தெரிவிக்க அழைப்பவர்களுக்கு வேறு பிரிவு. தரைத்தளத்தில் இருந்தாலும் அதை மேல்மாடி என்றுதான் சொல்வார்கள். காலை ஒன்பது முதல் மூன்று வரை மட்டும் வேலை. அங்கே இரண்டு இடம் காலி. இரண்டு வாரப் பயிற்சி, பிறகு மூன்று நிஜ அழைப்புகள். டிரெய்னர் ஒட்டுக் கேட்டு மதிப்பெண் போடுவார். மூன்றில் இரண்டு தேற வேண்டும். அனுதாப வாக்கியத்தை முப்பது நொடிக்குள் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த அழைப்புக்குப் பூஜ்யம்.

மூன்று மணி என்பதுதான் அவளுக்கு முக்கியம். மகள் பள்ளியிலிருந்து மூன்றரைக்கு வருவாள். ஒன்பது வயது. இப்போது வாரம் முழுக்க நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமை காலை இவள் போய்க் கூட்டி வருவாள். ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவாள்.

அந்த ஞாயிறும் விடப் போனாள். நாத்தனார் கதவைத் திறந்தாள். அவள் கணவனுக்கு அக்கா. அதே மூக்கு.

"பாப்பாவுக்கு இங்க நல்லா செட்டாயிடுச்சு" என்றாள் நாத்தனார். "ஸ்கூல் தெறக்கறப்ப இந்தப் பக்கமே சேத்துடலாம். நீ ஒம்பாட்டுக்கு வேலைக்குப் போ."

"பகல் வேலை கெடைக்கும் போல இருக்கு அண்ணி. கெடச்சா நானே பாத்துக்குவேன்."

"போல இருக்கா, கெடச்சிடுச்சா?"

"பரீட்சை இருக்கு."

"சரி, பாப்போம். மாசக் கடைசிக்குள்ள சொல்லு. அட்மிஷன் முடிஞ்சிடும்." நாத்தனார் பையை வாங்கிக்கொண்டாள். "ஒன்ன மாதிரி எனக்கு முடியாதும்மா. நான் ஒரு மாசம் படுக்கையைவிட்டு எந்திரிக்கல."

அவள் தன் கைப்பையில் மகளுடைய பொருள் ஏதாவது தங்கிவிட்டதா என்று பார்த்தாள். இல்லை.

நாத்தனார் அப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கணவன் இறந்த அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார்தான் அவன் போனை அவள் கையில் திணித்தாள். "எல்லாருக்கும் நீ சொல்லிடு. நீதான போன்ல பேசற வேலை பாக்கற." அவள் சுவரோரம் நின்று பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக அழைத்தாள். நாற்பத்து மூன்று பேர். முதல் இரண்டு பேரிடம் திணறினாள். ஐந்தாவதில் ஒரு வாக்கியம் அமைந்துவிட்டது. ஒரு தகவல் சொல்லணும், அவர் இன்னிக்குக் காலைல தவறிட்டார். எதிர்முனையில் அழுவார்கள். அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, எடுக்கப்போகும் நேரம் சொல்லி, வைத்துவிடுவாள். இருபதாவது அழைப்பில் தண்ணீர் குடித்தாள். முப்பதைத் தாண்டியபோது யாரோ ஒரு சித்தி, "எப்படிடி இப்படி சாதாரணமா சொல்ற?" என்று கத்தினாள். அது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு அமைந்த குரல் பிறகு மாறவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரப்பர் பேண்டை வீட்டுக்கு எடுத்து வந்தாள். மகள் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க இழுக்கணும்?"

"டோவுல."

மகள் இழுத்தாள். முதல் தடவையே சரியாக வந்தது.

"ஈஸிம்மா. ஒண்ணுதான் பெருசு. மத்ததெல்லாம் சும்மா கூட வரும். இன்னொண்ணு குடு."

இன்ஷூரன்ஸ். சர்டிஃபிகேட். நாமினி. ஒவ்வொன்றிலும் எங்கே இழுப்பது என்று நோட்டைப் பார்த்துச் சொன்னாள். நாமினியில் கடைசி எழுத்தில் இழுக்க வேண்டும். மகளுக்கு அது பிடித்தது. நாமினீ, நாமினீ என்று வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

"நாமினின்னா யாரு?"

"ஒருத்தர் போயிட்டா யாருக்குச் சேரணும்னு எழுதி வெக்கறது."

மகள் ரப்பர் பேண்டை விரலில் சுற்றினாள்.

"நான் யாருக்கு?"

"என்ன யாருக்கு?"

"அத்தை எனக்குத் தனியா டேபிள் வாங்கி இருக்காங்க" என்றாள் மகள். "லைட்டு வெச்சது. அங்கதான் இனிமேன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"டேபிள் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அவள் நோட்டை மூடினாள். பிறகு திறந்து, அடுத்த சொல்லைப் படித்தாள்.

பரீட்சை நாளன்று மேல்மாடியில் ஒரு மேசை கொடுத்தார்கள். டிரெய்னர் பின்னால் இரண்டாவது ஹெட்செட்டுடன் உட்கார்ந்தார். அவள் ரப்பர் பேண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் அழைப்பு ஒரு கிழவர். அண்ணன் இறந்ததைச் சொன்னார். அவள் வாக்கியத்தைச் சொன்னாள், மடியில் டோவை இழுத்தாள். கிழவர் இரண்டு முறை நன்றி சொன்னார். டிரெய்னர் தாளில் டிக் போடும் சத்தம் கேட்டது.

இரண்டாவது ஒரு பெண். ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினாள்.

"என் கணவர் இன்று காலை இறந்துவிட்டார். பாலிசி எண் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறீர்களா?"

எண்ணைச் சொன்னாள். பதினொரு இலக்கம். நடுவில் குரல் எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை. எல்லா இலக்கத்துக்கும் ஒரே கனம். பின்னணியில் ஏதோ வராந்தா. யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது.

அவள் எண்ணைத் தட்டச்சு செய்தாள். திரையில் கடிகாரம் பன்னிரண்டு நொடி காட்டியது. ரப்பர் பேண்டு விரல்களில் தயாராக இருந்தது.

"இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள்.

பின்னால் டிரெய்னரின் நாற்காலி அசைந்தது.

மறுமுனையில் பக்கம் புரட்டும் ஓசை கேட்டது.

"இன்னும் பத்தொன்பது பேர். இதுவரை உங்களோடு சேர்த்து இருபது பேரிடம் சொல்லிவிட்டேன்."

"தண்ணீர் குடித்தீர்களா?"

"இல்லை."

"குடித்துவிட்டு வாருங்கள். நான் லைனில் இருக்கிறேன்."

போனை எங்கோ வைத்தாள். நடந்து போனாள். நொடிகள் முப்பதைத் தாண்டின, நூறைத் தாண்டின. அவள் காத்திருந்தாள். திரும்பி வந்த பெண், "குடித்துவிட்டேன். படிவத்தின் எண் என்ன?" என்றாள். அவள் படிவத்தின் எண்ணைச் சொன்னாள். சர்டிஃபிகேட் பற்றிச் சொன்னாள். அழைப்பு முடிந்தது.

டிரெய்னர் ஹெட்செட்டைக் கழற்றினார்.

"வாக்கியம் எங்க?"

"மறந்துட்டேன் மேடம்."

"நல்லாத்தான போயிட்டிருந்தது? என்னம்மா கேள்வி அது, எத்தனை பேருக்குன்னு? ஸ்கிரிப்டுல எங்க இருக்கு?"

"இல்ல மேடம்."

"ஜீரோதான் போட முடியும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி மேடம்."

"பதற மாட்டீங்களா நீங்க?"

மூன்றாவது அழைப்பு ஓர் இளைஞன். வண்டி ஓட்டிக்கொண்டே பேசினான். பெரியப்பா போய்விட்டார், நாமினி நான்தான், எத்தனை நாளில் முடியும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரல்களில் ரப்பர் பேண்டை மாட்டினாள். பதினாலு சொல்லையும் சொன்னாள். டோவில் இழுத்தாள், இழப்பு என்கிற லாஸில் இழுத்தாள், மற்றதைத் தளர விட்டாள். மகள் சொன்னதுபோல அவை சும்மா கூட வந்தன.

"ஓகே, ஓகே" என்றான் அவன். "எத்தனை நாள்?"

டிரெய்னர் டிக் போட்டார். அவள் தோளைத் தட்டினார்.

"இதத்தான் ரெண்டு வாரமா கேட்டேன். இப்பத்தான் குரல்ல துக்கம் கேக்குது."

இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை. "மேல்மாடிக்குப் போற வயசா எனக்கு?" என்றான்.

அன்று மாலையே போய் மகளைக் கூட்டி வந்தாள். நாத்தனார் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒவ்வொன்றாக, நேரம் எடுத்து.

"டேபிள எடுத்துட்டுப் போறியா?"

"இங்கயே இருக்கட்டும் அண்ணி. லீவுல வருவா."

நாத்தனார் தலையாட்டினாள். அழுதாள். அவள் பையை வாங்கிக்கொண்டு, அழுது முடிக்கும்வரை நின்றாள்.

மூன்று மணிக்கு முடியும் வேலையின் முதல் வாரம். வியாழக்கிழமை நாலு மணிக்கு மகள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருந்த கணவனின் போன் அடித்தது. வங்கிச் செய்திகள் அதற்குத்தான் வருகின்றன என்பதால் சார்ஜில் வைத்திருந்தாள். திரையில் 'குட்டை' என்று இருந்தது. கப்பல் வேலைக்குப் போன சிநேகிதன். அன்று பட்டியலில் எடுக்காத ஒரே ஆள்.

எடுத்தாள்.

"டேய் தடியா! போன எடுக்க இவ்ளோ நேரமாடா? நேத்துதான் கரைக்கு வந்தேன். எத்தனை மிஸ்டு கால்டா, நீ குடுத்த கடன் ஒண்ணும் எங்கிட்ட இல்லயே?"

"நான் அவர் மனைவி பேசறேன்."

"அய்யோ, சிஸ்டரா! சாரி சிஸ்டர். எங்க அவன், லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டானா?"

ஒரு தகவல் சொல்லணும் என்று ஆரம்பித்தாள். அவர் என்றாள். இன்னிக்குக் காலைல என்று அடுத்த சொல் தானாக நாக்குக்கு வந்தது. அது இன்றைக்குக் காலையில் இல்லை. பதினாலு வாரம் ஆகிவிட்டது. அந்த வாக்கியம் இனி செல்லாது. வேறு வாக்கியம் அவளிடம் இல்லை.

"சிஸ்டர்?"

"செத்துப் போயிட்டார்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் அதுவரை சொன்னதில்லை. முதல் எழுத்திலேயே போய் விழுந்தது. மற்றவை பின்னால் எங்கோ தேய்ந்தன. அயலூர்க்காரி தமிழ் பேசுவதுபோல் இருந்தது.

மகள் எழுதுவதை நிறுத்தினாள்.

மறுமுனையில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த ஆள் அழத் தொடங்கினான். வாயை எதிலோ பொத்திக்கொண்டு அழும் சத்தம்.

அவள் அனுதாப வாக்கியம் சொல்லவில்லை. நேரம் பார்க்கவில்லை. அலமாரியில் சாய்ந்து நின்றாள்.

மகள் எழுந்து வந்தாள்.

"யாரும்மா?"

"அப்பாவோட சிநேகிதர்."

"அழுவறாரா?"

"ஆமா."

மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். போனின் மறுபக்கம் தன் காதை ஒட்ட வைத்தாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.