குவியலில் முளைத்த தக்காளி

1

இந்தக் கதை என் வீட்டுக் கக்கூஸ் தொட்டியில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நதி, நிலவு என்று கௌரவமான இடங்களில் கதை கிடைக்கிற எழுத்தாளர்கள் உண்டு. எனக்கு வாய்த்தது இது. பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் உள்ள எங்கள் ஊரில் தண்ணீர் வாரியத்தின் உறிஞ்சு லாரி தெருத்தெருவாக முறை வைத்து வரும். அன்று எங்கள் தெரு. குழாயை உள்ளே இறக்கிவிட்டு ஓட்டுநர் சொன்னார்:

"உர முற்றத்துப் பெர்லிட்டா கதை கேள்விப்பட்டீங்களா? பாவம், தக்காளியால கெட்டுது அந்தப் பொம்பள."

2

முதல் தொடக்கம்: 'பெர்லிட்டா குவியல் முன்னால் நின்றபோது வானம் கருத்து...'

(வானத்தை விட்டுவிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது தொடக்கம், அலங்காரமில்லாமல்: ஊர் கழித்ததையெல்லாம் வாரியம் சுத்தம் செய்கிறது. தெளிந்த நீர் கரும்புக்குப் போகிறது. அடியில் தங்கும் வண்டலை உமியோடு கலந்து குவித்து, புரட்டிப் புரட்டி, அதன் சொந்தச் சூட்டிலேயே வேகவிட்டு உரமாக்கும் முற்றத்துக்குப் பெர்லிட்டா மேற்பார்வை. எரிமலைச் சாம்பல் மூடி மலடான நிலங்களுக்கு அந்த உரம் இலவசம். வாங்கத்தான் ஆளில்லை. "நாங்க போட்டத எங்களுக்கே திருப்பிக் குடுக்குறீங்களா?" என்று விவசாயிகள் சிரித்தார்கள்.

ஆகவே அவள் ஒரு வழக்கம் வைத்தாள். ஆண்டுக்கொரு முறை அவர்களை முற்றத்துக்கு அழைத்து, அந்த உரத்தில் விளைந்த காயொன்றை எல்லோர் எதிரிலும் பச்சையாகக் கடித்துத் தின்பாள். பேச்சால் ஆகாதது பல்லால் ஆனது.

3

அவள் தம்பி டெல்ஃபினை எனக்குப் பிடிக்கவில்லை. நீக்கிப் பார்த்தேன், கதையும் கூடவே போய்விட்டது. சரி, இருந்து தொலையட்டும்.

அக்டோபர் புயல் முற்றத்துக் கூரையைப் பிய்த்துப் போட்டது. குவியல் நனைந்தது. பெர்லிட்டா உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். சுட வேண்டியது பழஞ்சோறு மாதிரி ஆறிக் கிடந்தது.

"இது வேகலடா. மறுபடி குவிச்சுப் புரட்டணும்."

"அதுக்குள்ள விதைப்பு போயிடும்க்கா. ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்குற. கூடப் பொறந்தவனுக்குன்னா மட்டும் கை வராதா?"

கொடுத்துவிட்டாள். அவன் சிங்கமாஸ் போட்டான். மண்ணுக்கடியில் விளைவது, உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்னும் கிழங்கு.

* (பக்க அடியில் போட வேண்டியது, மறந்துவிடுவேன் என்று இங்கேயே சொல்கிறேன். தக்காளி விதை மனிதர் வயிற்றில் செரிக்காது. சரியாக வேகாத குவியலில் தானாகவே முளைக்கும். விதையைக் கொல்லாத சூடு குடற்புழு முட்டையையும் கொன்றிருக்காது. இது முற்றத்துக்காரர்களுக்குத் தெரியும். விவசாயிகளுக்குத் தெரியாது.)

4

இந்த ஆண்டு, அவள் காய் தின்னும் விழாவுக்கு வந்தவர்கள் அதிகம். வாரியத்து இன்ஜினியர் யாபுட் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தார். டெல்ஃபின் ஒரு முறம் நிறையத் தக்காளியோடு வந்தான்.

"நட்டது கிழங்கு, வந்தது இதும்! ஊடால தானா முளைச்சு, வயல் முழுக்கக் காய்ச்சுக் கெடக்கு. எங்கக்கா குடுத்த மண்ணு அப்படி!"

கூட்டம் கைதட்டியது. பெர்லிட்டா தம்பியின் பக்கத்தில் வந்தாள்.

"கிழங்க வெட்டிட்டியா?" என்றாள் மெதுவாக.

"வியாபாரி நாளைக்கு வர்றான்."

"நீங்க தின்னாத்தான் நாங்க நம்புவோம்!" என்றார் பின்னாலிருந்து ஒரு கிழவர். "அப்புறம் எனக்கும் ஒரு லோடு!"

டெல்ஃபின் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினான்.

5

முடிவு ஒன்று: தின்கிறாள். மண்ணுக்கு மேலே காய்த்த ஒரு தக்காளியால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கிழவருக்கு லோடு போகிறது. நாளை கிழங்கு சந்தைக்குப் போகிறது. அங்கே ஒரு குழந்தை உப்பைத் தொட்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

முடிவு இரண்டு: "இது வேகாத மண்ணு, தப்பு என்னுது" என்கிறாள். தம்பி வயலை உழுது மூட வேண்டும். அவன் அவள் முகத்தில் விழிக்கமாட்டான். அது போகட்டும். கூட்டம் கலைந்தால் திரும்பாது. நன்றாக வெந்த குவியலையும் இனி எவனும் தொடமாட்டான். பழையபடி வண்டலெல்லாம் ஆற்றுக்குத்தான் போகும். அந்த ஆற்றிலும் குழந்தைகள் குளிக்கிறார்கள்.

இரண்டில் எது நடந்தது என்று ஓட்டுநரைக் கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தபோது தொட்டி காலியாகிவிட்டது. அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். துரத்திப்போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை. "கெட்டுது" என்ற சொல் இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

வாசகரே, நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இனி அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. டெல்ஃபின் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"என்னக்கா யோசிக்கிற? நம்ம வயல்ல விளைஞ்சதுதானே. சாப்பிடு."