அரைத் தொட்டித் தண்ணீர்

மோட்டார் சத்தம் கேட்டதும் தையல்காரர் செருப்பைக்கூடத் தேடாமல் பின்பக்கம் ஓடினார். கையிலிருந்த போனில் யாரோ, "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால், வாளியோடு மச்சினி நின்றாள்.

"என்ன அத்தான்? அக்காவக் குளிப்பாட்ட வேணாமா?"

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"தொட்டி பாதி ரொம்பியிருக்கும். ஏன்?"

"சுவிட்சுல ஒரு செவப்புத் துணி கட்டியிருந்துச்சே?"

"அதுவா? அக்காவுக்கு வாய் மூடாமயே இருந்துச்சு. தாடையக் கட்ட மெத்துன்னு ஒரு துணி தேடினேன். அதான் அவுத்துக் கட்டிட்டேன்."

ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. பாயில் கிடந்த அவர் மனைவியின் மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது அந்தச் சிவப்புத் துணி. அதைச் சுவிட்சில் கட்டியதும் அவள்தான். படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து கட்டினாள். யாரும் மோட்டாரைத் தொடக் கூடாது என்று அதற்கு அர்த்தம். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய தங்கைக்கு அது எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டியவர் தையல்காரர். அவர் விடிந்ததிலிருந்து சாவுச் செய்தி சொல்லிக்கொண்டு போனும் கையுமாக இருந்தார்.

ஊருக்கு மேற்கே நிலக்கரி எடுக்கப்போகிறார்கள். மேலே இருக்கும் மண்ணை முழுக்க அள்ளிப் போட்டுவிட்டுத் திறந்தவெளியில் வெட்டுகிற சுரங்கம். கரிக்குக் கீழே மணல், மணலுக்குள் தண்ணீர், அதுவும் மேல்நோக்கி முட்டித் தள்ளுகிற தண்ணீர். அதை இறைத்துத் தணிக்காமல் தோண்டினால் குழியின் தரையே பிளந்து பொங்கும். இறைத்தால் ஊர்க் கிணறுகள் என்ன ஆகும் என்பதுதான் சண்டை. நடுவில் கெட்டியாகக் களிமண் இருக்கிறது, மேல் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்றது கம்பெனி. நிலத்தடி நீர் அலுவலகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி ஒருத்திதான், பழைய ஆறு ஓடிய தடத்தில், அதாவது தங்கள் தெருவுக்கு நேர் கீழே, களிமண் அறுந்து போயிருக்கிறது என்றாள். கம்பெனி சோதனைக்காகப் பம்பு வைத்து இறைக்கத் தொடங்கியபோது, மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டித் தன் வீட்டுக் கிணற்றையும் அளக்க வைத்தாள். அந்தத் தெருவில் மிச்சமிருந்த கிணறு அது ஒன்றுதான். அங்கே இறைக்க இறைக்க இங்கே இறங்கினால் அவள் சொன்னது நிஜம்.

சோதனை முடியும்வரை வீட்டில் யாரும் கிணற்றைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். தெருமுனைக் குழாயிலிருந்து குடம் சுமந்து சுமந்து தையல்காரருக்குத் தோள்பட்டை கழன்றது.

"கிணத்துக்கு ரெஸ்ட் உண்டு, புருஷனுக்குக் கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"கிணறு என்கிட்ட ஒருநாளும் வாயாடினதில்ல," என்றாள் படுத்தபடியே.

நேற்றுவரை கிணற்று மட்டம் அசையவில்லை. அவள் கவலைப்படவில்லை. "மெதுவாத்தான் தெரியும். கடைசி நாள் பாருங்க," என்றாள். இன்றுதான் கடைசி நாள். மத்தியானத்தோடு அங்கே பம்பை நிறுத்திவிடுவார்கள்.

கூடம் நிறைந்த பிறகு டேப்பு வந்தார். அலுவலகத்தில் அவளிடம் உதவியாளராக இருந்து தலை நரைத்தவர். தையல்காரர் கழுத்தில் ஒரு டேப்பு, இவர் தோளில் ஒரு டேப்பு என்று கேலி பண்ணி அவள் வைத்த பெயர். அவள் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நாடாவைச் சுருள் அவிழ்த்து உள்ளே விட்டார். நுனி தண்ணீரைத் தொட்டதும் கருவி கீச்சென்று கத்தியது. முற்றத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டேப்பு மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினார்.

"அரை மீட்டர் எறங்கியிருக்கு!" குரல் உடைந்தது. "அக்கா சொன்னது சரி. இதக் கேக்காமப் போய்ட்டாங்களே!"

"அந்தம்மா லேசுப்பட்ட ஆளில்லன்னு அப்பவே சொன்னேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தையல்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரே அவளைக் கிறுக்கு என்று சிரித்த நாட்களெல்லாம் ஒரு நொடியில் கழுவிப் போனதுபோல் இருந்தது. அந்த நொடியிலேயே மச்சினியின் கை அவர் முழங்கையைப் பிடித்தது. அவளுக்கும் இதற்குள் விஷயம் புரிந்திருந்தது.

"சொல்லாதீங்க அத்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன். அக்கா ஜெயிச்சதா இருக்கட்டும்."

அவருக்கும் அதே ஆசைதான். இன்றைக்கு அவருக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை. அரைத் தொட்டி ஓடியதற்குக் கிணறு அவ்வளவு இறங்குமா? இறங்காது என்று நினைத்துக்கொள்ளத் தோன்றியது. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே ஆள் கூடத்தில் தாடையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"டேப்பு," என்றார். "காலைல மோட்டார் ஓடுச்சு. அரைத் தொட்டி."

அளவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த டேப்பின் பேனா நின்றது. மச்சினியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியில் கிணற்றைப் பார்த்தார்.

"அதுக்கே இவ்வளவு எறங்குமா?" என்று கேட்டார் தையல்காரர்.

"எறங்கலாம். எறங்காமலும் இருக்கலாம். அதான சனியன்."

"சாயங்காலம் அளந்தா?"

"மத்தியானம் அங்க நிறுத்திடுவாங்க அண்ணே. அதுக்குள்ள இது ஊறித் தேறாது."

"மறுபடி ஒரு சோதன வைக்கச் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். சண்ட போட்டுக் கேக்க ஆள் வேணுமே." டேப்பு குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னது என் காதுல விழல அண்ணே. அப்படி வச்சுக்குவோம்."

தையல்காரர் ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்தார். உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"விழுந்துச்சு," என்றார். "எழுதினத அடிச்சுடு. அவ இருந்தா நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா."

டேப்பு எழுதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். காரணத்தையும் பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, கிணற்றுச் சுவரில் கையை ஊன்றி அப்படியே நின்றார். மச்சினி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தையல்காரர் போய் மோட்டாரைப் போட்டார். இரண்டு வாளி பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். குளிப்பாட்டப் பெண்கள் கதவைச் சாத்தியதும் வெளியே வந்து, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் சுவரோடு இறங்கி முற்றத்தில் பரவியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மோட்டாரை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.