காத்துப் பையில் தண்ணி

விமானம் ஓட்டிப் பழகுகிற தளத்தில் எனக்குப் புல் வெட்டுகிற வேலை. அதோடு காத்துப் பையையும் நான்தான் பார்த்துக்கொள்ளணும். கம்பத்து உச்சியில் கட்டின ஆரஞ்சுத் துணி அது. வாய் அகலம், வால் ஒடுக்கம். காத்து எந்தப் பக்கம், எவ்வளவு என்று மேலே பறக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

வால் நைந்து நார்நாராகத் தொங்கியது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் தைத்த கை, சும்மா இருக்குமா? திங்கள் சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துப் பையை இறக்கினேன். கிழிசலை மடித்து, இரட்டைத் தையல் போட்டு, வாலையும் சேர்த்து மூடினேன். பை என்றால் அடியில் ஓட்டை இருக்கலாமா? ‘காத்துப் பை தைச்சாச்சு, ஜெபராணி’ என்று ஆபீஸ் பலகையில் எழுதியும் வைத்தேன். எழுத்து கற்று மூன்று வருஷம்தான் ஆகிறது. செய்ததை எழுதாமல் விட மனசு வராது.

அன்று ராத்திரி நல்ல மழை.

காலையில், ஓட்டிப் பழகுகிற சௌந்தர்யா விமானத்தில் தனியாக மேலே ஏறினாள். பக்கத்துத் திமிரி ஊர்ப் பெண். மற்ற எல்லாம் நன்றாக வரும், பக்கக் காத்தில் இறக்குவது மட்டும் அவளுக்குப் பயம். ஏறும்போது காத்து கம்மி. ஒரு சுற்று முடித்து வருவதற்குள் ஜாஸ்தியாகிவிட்டது.

நேராகத்தான் இறங்கி வந்தாள். தரையை நெருங்கும்போது விமானம் அப்படியே வலப்பக்கம் சரிந்து, நான் நின்ற புல்லுப் பக்கம் வந்தது. சொல்லிக்கொடுக்கிற லியாகத் அலி சார் வாக்கிடாக்கியில் கத்தினார்.

“ஏத்தும்மா! மேல ஏத்து!”

இன்ஜின் உறுமியது. என் முக்காட்டைப் பிடுங்கிக்கொண்டு விமானம் தலைக்கு மேலே போனது.

“இன்னாம்மா நேரா வர்றே? மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பிட்டு வரணும்னு எத்தினி வாட்டி சொல்றது?”

“பை தொங்குது சார். காத்தே இல்லன்னு காட்டுது. எவ்ளோ திருப்பணும்னே தெரியல.” வாக்கிடாக்கியில் அவள் குரல் கரகரத்தது. “எனக்கு வராது சார். பயமாக்குது.”

சார் பையைப் பார்த்தார். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. “இன்னா பேஜாருடா இது” என்று நெற்றியைத் துடைத்தார்.

என் மூக்கில் தோல் ஷாப் வாடை ஏறியது. தோல் பதனிடுகிற அந்த ஷாப் தளத்துக்கு மேற்கே. இந்த வாடை இங்கே வருகிறதென்றால் மேற்குக் காத்து பலமாக அடிக்கிறது. அப்புறம் பை ஏன் தொங்குது? உற்றுப் பார்த்தேன். நான் தைத்த வாலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி.

“சார், வாலை நான்தான் மூடித் தைச்சேன். மழைத்தண்ணி உள்ளயே நிக்குது.”

சார் கம்பத்தைக் காட்டினார். “ஓடுங்க!” என்றார்.

ஓடினேன். அவர் அவளிடம், “இன்னொரு சுத்து சுத்திட்டு வாம்மா, அவசரமே இல்ல” என்று சொல்வது பின்னால் கேட்டது. கயிற்றை அவிழ்த்துப் பையை இறக்கினேன். நூல் வெட்டி இன்னும் என் கழுத்துக் கயிற்றில்தான் கிடக்கிறது, கம்பெனிப் பழக்கம். என் தையல் சீக்கிரத்தில் விடாது. அதுவரை அதுதான் என் பெருமை. அன்றைக்கு என் கையையே நான் திட்டினேன். கடைசி இழை அறுந்ததும் தண்ணி என் காலில் கொட்டியது.

மேலே ஏற்றினேன். பை துள்ளி நிமிர்ந்து கிழக்கே நீண்டது.

சௌந்தர்யா மறுபடி வந்தாள். விமானத்தின் மூக்கு தோல் ஷாப்பைப் பார்த்தது, உடம்பு மட்டும் ஓடுபாதையோடு நேராக நகர்ந்தது. தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் மூக்கு நேரானது, இடது இறக்கை கொஞ்சம் தாழ்ந்தது. முதலில் இடது சக்கரம். பிறகு வலது. அப்புறம் முன் சக்கரம். நடுக்கோட்டிலிருந்து விலகவே இல்லை. “ஸ்தோத்திரம்” என்று அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சௌந்தர்யா விமானத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். “பையை யாருக்கா சரி பண்ணது?”

“கெடுத்ததும் நான்தாம்மா.”

“அப்போ ரெண்டுக்கும் சேர்த்து ரெண்டு டீ வாங்கிக் குடு.”

சாருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “ஏம்மா, ஷூ தைக்கும்போது கால் போற வாயையும் மூடித்தான் தைப்பீங்களா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“இனிமே எதைத் தைச்சாலும் என்கிட்ட காட்டிட்டுத் தைங்க” என்றார்.

இனிமே என்றாரே, வேலை போகவில்லை, அது போதும். பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன்: ‘காத்துப் பை வால் திறந்திருக்கு.’